கை காட்டியவர் எல்லாரும்

மேற்கே வெற்பூர் மலையின் தோளிலிருந்து கதிரவன் தன் கடைசிச் செம்பொன்னை வாரி இறைத்துவிட்டு மறைந்துகொண்டிருக்க, கிழக்கே கருநீலி ஆற்றின் அகன்ற நீர்ப்பரப்புக்கு அப்பாலிருந்து முழுமதி, நீராடி எழுந்தவள் கூந்தலைத் துவட்ட மறந்ததுபோல் ஒளி சொட்டச் சொட்ட மேலெழுந்துகொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில், வெற்பூர்க் கோட்டையின் தெற்கு மதில்மேல் ஐயாறன் என்னும் வாலிபன் தன்னந்தனியே நின்றுகொண்டிருந்தான்.

வாசகப் பெருமக்களே! ஆறும் நிலவும் வாலிபனும் ஓரிடத்தில் கூடிவிட்டால் காதல் ஏக்கம் என்று நீங்கள் சட்டென்று முடிவுகட்டிவிடுவீர்கள். கதை கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. ஆனால் மதில்மேல் நிற்கும் வாலிபர் எல்லாரும் காதலியைத்தான் நினைக்கிறார்கள் என்று எந்தக் கல்வெட்டிலும் பொறித்திருக்கவில்லை. ஐயாறனுக்கும் ஒரு காதல் இருந்தது; மறுக்கவில்லை. ஆயினும் அந்த வேளையில் அவன் நினைவை நிறைத்திருந்தது ஒரு கழுத்து. அதுவும் தடித்த, வியர்த்த, ஐம்பது வயது கடந்த ஒரு வணிகனின் கழுத்து. அதில் செவ்வலரி மாலையைச் சூட்டியவை தன் கைகளே என்பதை நினைத்து, அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் மதிற்கல்லின்மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான்.

வெற்பூரை ஆண்ட குன்றவரையர் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரசன் சினந்தான் என்பதற்காக மட்டும் அங்கே ஒரு தலையும் உருளாது. குற்றம் சாட்டுகிறவர் தம் வாதத்தை மன்றத்தில் படிப்படியாக அடுக்கிக் காட்டவேண்டும். அதைக் கேட்பதற்கென்றே 'ஏதுகாண்பான்' என்றோர் அதிகாரி உண்டு. சாட்சி சொன்னது மெய்யா பொய்யா என்பது அவன் பாடன்று. சொன்னவை எல்லாம் மெய்யென்றே வைத்துக்கொண்டால் முடிவும் மெய்யாகியே தீருமா, அல்லது நடுவில் எங்கேனும் நழுவுகிறதா என்பதை மட்டும் அவன் பார்ப்பான். நழுவினால் 'பழுதுண்டு' என்பான், வழக்கு விழுந்துவிடும். இல்லையேல் 'பழுதில்லை' என்று சொல்லி, சாகப் போகிறவன் கழுத்தில் செவ்வலரி மாலையைத் தன் கையாலேயே சூட்டவேண்டும். இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவது எளிதென்று நினைப்பவர்கள் அந்த மாலையைத் தொட்டதில்லை.

அன்று பிற்பகல் ஐயாறன் 'பழுதில்லை' என்றான். பழுது இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது.

நடந்தது இது. மாற்றார் படை ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் பாசறை அமைத்திருந்தது. பேரேரியின் கரையை வெட்டிவிட்டு அந்தப் பாசறையை ஒரே இரவில் மூழ்கடிக்க மன்னர் திட்டமிட்டிருந்தார். திட்டம் கசிந்தது. தாழ்நிலத்து ஊர்மக்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏற, அதைக் கண்ட மாற்றார் படையும் மேட்டுக்கு ஏறிவிட்டது. கோட்டையின் தெற்கு மதிலில் ஒரு நூலேணிக் கயிறு மறைவாகத் தொங்குவதை அமைச்சர் எயினரையர் கண்டுபிடித்தார். அவர் அதை அவிழ்க்கவில்லை. சாயவேரைக் காய்ச்சிய சாற்றைக் கயிறு முழுதும் பூசி வைத்தார். பட்டால் பல நாள் போகாத சிவப்பு. மறுநாள் பார்த்தபோது சாயம் உரசித் தேய்ந்திருந்தது. யாரோ மறுபடியும் இறங்கி ஏறியிருக்கிறார்கள். உடனே கோட்டை வாயில்களை அடைத்து, கையைக் காட்டு, கையைக் காட்டு என்று வீதி வீதியாகச் சோதனை நடந்தது.

சிவந்த கை ஒன்று அகப்பட்டது. அது வரந்தருவான் செட்டியின் கை.

"சிவக்காமல் என்ன செய்யும்?" என்று செட்டி மன்றத்தில் கேட்டான். "சாயவேர் விற்கிறவன் கை சாம்பல் நிறமாகவா இருக்கும்? கயிற்றில் பூசிய சாயமே என் கடைச் சரக்குத்தான், ஐயா! அமைச்சர் வீட்டு ஆள் வந்து விலையைக் குறை, குறை என்று என் உயிரை எடுத்து வாங்கிப் போனான். அப்போது பாதி எடுத்தான், இப்போது மீதியைக் கேட்கிறீர்கள்!"

மன்றம் சிரித்தது. எயினரையரும் சிரித்தார், அவர் சிரித்தால் அடுத்து யாரோ அழப்போகிறார் என்று பொருள்.

"சிவந்த கையெல்லாம் கயிற்றைப் பிடித்த கை என்று நான் சொல்லவில்லை, செட்டியாரே" என்றார் அவர் இனிமையாக. "நான் சொல்வது வேறு. கயிற்றில் இறங்கியவர் கை சிவந்தே இருக்கும். இறங்கியவர் கோட்டைக்குள்தான் இருக்கிறார். கை காட்டியவர் எல்லாரிலும் சிவந்த கை உம்முடையது ஒன்றே. ஆகவே இறங்கியவர் நீரே. உம்முடைய சரக்கால் சிவந்ததென்றால், இறங்கியவரின் சிவந்த கை எங்கே? காற்றில் கரைந்துவிட்டதோ?"

மன்னர் குன்றவரையர் ஐயாறனைப் பார்த்தார்.

ஐயாறன் அந்த வாதத்தை உள்ளுக்குள் புரட்டிப் பார்த்தான். வைரவியாபாரி கல்லை வெளிச்சத்தில் பிடித்ததும் கீறலில் கண் போய் நிற்பதுபோல், அவன் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. 'கை காட்டியவர் எல்லாரும்' என்று தொடங்கிய பேச்சு, 'கோட்டையில் இருப்பவர் எல்லாரும்' என்ற இடத்தில் வந்து இறங்கியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல. வீதியில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். அந்தப்புரம் காட்டவில்லை. கேட்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவுமில்லை. வெற்பூரில் தலைகளை எண்ணச் சொன்னால் குதிரைகளைக்கூட எண்ணுவார்கள். அரண்மனைப் பெண்களை எண்ணுவது மரியாதையல்ல.

அதே கணத்தில், காலையில் கொற்றவை கோயிலில் கண்ட ஒரு காட்சி அவன் நெஞ்சில் வந்து விழுந்தது. மன்னரின் தங்கை பூவணநங்கை குங்குமம் வாங்கக் கை நீட்டினாள். மருதோன்றி இட்டுக்கொள்வது பொழுதுபோகாதவர் வேலை என்று கேலி பேசுகிறவள் அவள். அன்று அவளுடைய உள்ளங்கைகள் இரண்டிலும் அடர்ந்த மருதோன்றி.

'பழுதுண்டு' என்று அவன் சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். அங்கே என்று அவன் விரல் நீட்டவேண்டும். நீட்டினால் அந்த விரல் அந்தப்புரத்தைக் காட்டும். மன்றத்துச் சாளரத்தின் மறைவிலிருந்து ஓராண்டாக அவனோடு வாதாடி, அவன் வாயடைத்துப் போகும்போதெல்லாம் வளை குலுங்கச் சிரித்தவளை அது காட்டும். அன்று அந்தச் சாளரம் வெறுமையாக இருந்தது.

"பழுதில்லை" என்றான்.

மாலையைச் சூட்டும்போது செட்டி அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "தம்பி, நாற்பது வருஷம் பேரம் பேசியவன் நான்" என்றான் மெல்ல. "சரக்கில் குறை இருப்பது தெரிந்தும் கைமாற்றுகிறவன் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

அந்தச் சொல்தான் ஐயாறனை மதில்மேல் துரத்தி ஏற்றியிருந்தது. கீழே யானைத் திடலில் முதல் பறை ஒலித்தது. அந்தி விளக்கு ஏற்றியதும் பட்டத்து யானை திடலுக்கு வரும்.

"அஸ்தமனத்தைப் பார்க்க இத்தனை சோகமான முகம் தேவையில்லையே, ஏதுகாண்பாரே?"

திரும்பினான். பூவணநங்கை நின்றிருந்தாள். நிலவொளி அவள் தோளில் விழுந்து, முத்தாரத்தில் வழுக்கி, மேகலையில் தடுக்கி நின்றது. அவள் அழகை விரிவாக வருணிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் திடலில் ஒரு மனிதன் காத்திருக்கிறான்.

"கீழே பறை எதற்கு?" என்று கேட்டாள்.

"கயிற்றில் இறங்கிய ஒற்றன் அகப்பட்டுவிட்டானாம், பிராட்டி. சாயவேர்ச் செட்டி. யானைக்காலில் இடறத் தீர்ப்பு."

"செட்டியா? அவன் இல்லையே!" என்றாள் அவள். சொன்ன பிறகே சொன்னது உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அறிவேன்."

"எப்போதிலிருந்து?"

"அமைச்சர் வாதம் முடிக்கும் முன்பிருந்தே."

அவள் அவனை நெருங்கி வந்தாள். "அப்படியானால் மாலையைச் சூட்டியது யார்?"

ஐயாறன் தன் கைகளைப் பார்த்தான். "நான்."

"எனக்காகவா?"

"ஆம்."

"நான் கேட்டேனா?" அவள் குரல் உயரவில்லை, அதுவே அவனை அதிகம் சுட்டது. "ஏரிக்கரைக்குக் கீழே குடும்பம் குடும்பமாக மக்கள் இருக்கிறார்கள். மாற்றானோடு சேர்த்து அவர்களையும் மூழ்கடிக்க அண்ணன் துணிந்தார். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. இறங்கிப் போய் அவர்களை எழுப்பினேன். அவர்கள் ஓடியதால் பகைவனும் தப்பினான். அந்தப் பழி எனக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் மேட்டில் பசித்திருந்தவர்களுக்கு அரிசி கொண்டுபோனேன். யாரும் சாகக் கூடாதென்று செய்த காரியம் இது. அதற்கு நீர் ஒரு செட்டியைக் காவு கொடுக்கிறீர். அதையும் என் பெயரில்!"

அவள் படியை நோக்கித் திரும்பினாள். ஐயாறன் வழிமறித்தான். "வேண்டாம், பிராட்டி. தவறாகக் கட்டியவன் நான். அவிழ்ப்பவனும் நானாக இருக்கட்டும். உங்கள் பெயர் வராமலே அவிழ்க்கிறேன்." அவள் மறுமொழி சொல்லும் முன்பே இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்கிவிட்டான்.

யானைத் திடலில் தீவட்டிகள் எரிந்தன. மன்னர் மேடையில் வீற்றிருந்தார், பக்கத்தில் எயினரையர். மேடைக்கருகே சான்றுப் பொருள்களாகக் கயிறும் மீந்த சாயக் குடமும் வைக்கப்பட்டிருந்தன. நடுத்திடலில் செட்டி, மாலையும் கழுத்துமாக, பாகனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா, யானை சாப்பிட்டுவிட்டதா?"

"ஆச்சு, செட்டியாரே."

"நல்லது. பசியோடு வேலை செய்யச் சொல்வது பாவம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயாறன் ஓடிவந்தான். யாவர் கண்ணும் யானைமேல் இருக்க, சாயக் குடத்தருகே ஒரு கணம் தடுமாறி விழுந்தவன்போல் குனிந்து எழுந்தான். வலக்கையை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டான்.

"மன்னவா, நிறுத்துங்கள்! பழுதுண்டு!"

திடல் அடங்கியது. மன்னரின் புருவம் நெரிந்தது. "பிற்பகலில் இல்லாத பழுது அந்தியில் முளைத்ததோ?"

"பிற்பகலிலும் இருந்தது. நான் சொல்லவில்லை. கை காட்டியவர் எல்லாரிலும் செட்டியின் கை ஒன்றே சிவந்தது, மெய். கோட்டையில் உள்ளவர் எல்லாரும் கை காட்டினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் முடிவு நிற்காது. கை காட்டாதவர் ஒருவர் இருந்தால் போதும், வாதம் விழும்."

"அப்படி யார் காட்டவில்லை?" என்றார் எயினரையர்.

"நீங்கள் காட்டவில்லை. மன்னர் பெருமான் காட்டவில்லை."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, மறுகணம் இருமலாக மாற்றிக்கொண்டான். குன்றவரையர் சிரிக்கவில்லை. நெடுநேரம் தம் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு, "சரி. விடுபட்டவர் எல்லாரும் காட்டட்டும். அந்தப்புரத்திலிருந்து தொடங்குங்கள்" என்றார்.

ஐயாறன் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான்.

"அவ்வளவு தூரம் போகவேண்டாம், மன்னவா. விடுபட்ட இன்னொரு கை இதோ." மேலாடையை விலக்கி வலக்கையை உயர்த்தினான். தீவட்டி வெளிச்சத்தில் உள்ளங்கை செக்கச்செவேலென்று மின்னியது. "இறங்கியவன் நான்."

கடல்போல் ஓர் ஆரவாரம் எழுந்து அடங்கியது. மன்னர் எழுந்து நின்றார். அவர் கண்ணில் சினத்தைவிட வேதனையே மிகுந்திருந்தது.

"வழக்கத்தை மீறமாட்டேன். என் ஏதுகாண்பான் இன்னமும் நீதான். இந்த வாதத்தையும் நீயே பார். கயிற்றில் இறங்கியவர் எல்லாருடைய கையும் சிவந்திருக்கும். உன் கை சிவந்திருக்கிறது. ஆகவே நீ இறங்கினாய். என்ன சொல்கிறாய்?"

வாசகர்களே, அந்த ஏழை மனிதனின் நிலையைப் பாருங்கள். சிவந்த கையெல்லாம் இறங்கிய கை ஆகாது. இறங்கிய கைதான் சிவந்த கை. தருக்க நூலின் முதல் ஓலையைப் படித்தவனுக்கும் தெரிந்த பழுது அது. செட்டி சாகவேண்டுமென்று வந்த வாதத்துக்காவது ஓர் ஒட்டுத் துணி இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. பிறன் உயிரை வாங்கவிருந்த பொய்யை இப்போது தன் உயிரைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லவேண்டும்.

"பழுதில்லை" என்றான் ஐயாறன்.

"பழுது!" என்றது ஒரு பெண் குரல்.

பல்லக்கும் இல்லாமல், தோழியும் இல்லாமல், கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட, பூவணநங்கை திடலுக்குள் நடந்து வந்தாள். "அண்ணா, உங்கள் ஏதுகாண்பார் இன்று ஒரே நாளில் இரண்டு முறை பொய் சொல்லிவிட்டார். கை சிவந்ததால் இறங்கினார் என்றால், இந்த ஊர்ச் சாயக்காரர் எல்லாரும் இறங்கியவர்களே. அதுவும் போகட்டும், அவர் வேட்டியைப் பாருங்கள்!"

எல்லாரும் பார்த்தார்கள். கயிற்றில் இறங்கியபோது பட்டுக் காய்ந்திருக்கவேண்டிய சாயம், ஐயாறனின் விரல் நுனியிலிருந்து வெள்ளை வேட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"இறங்கியவள் நான்" என்றாள் அவள், இரு கைகளையும் விரித்து. "மருதோன்றிக்குக் கீழே என்ன இருக்கிறதென்று சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிக்குக் கீழே இருந்தவர்கள் பகைவரல்லர், அண்ணா. நம் குடிகள். அவர்களிடம் சொன்னேன், மாற்றானிடம் ஒரு சொல்லும் பேசவில்லை."

மன்னர் மேடையில் அமர்ந்தார். அமர்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பதே சரி.

எயினரையர் தொண்டையைக் கனைத்தார். "துரோகி எவரோ அவர் கயிற்றில் இறங்கினார். பிராட்டியார் இறங்கியதை அவர் வாயாலேயே கேட்டோம். ஆகவே..." முடிக்கத் துணிவில்லாமல் நிறுத்தினார்.

"பழுதுண்டு!" என்று ஐயாறன் கதறினான். "துரோகி இறங்கியிருக்கலாம், அதனால் இறங்கியவரெல்லாம் துரோகி ஆகிவிடமாட்டார்கள். குடிகளைக் காக்கவும் ஒருவர் இறங்கலாம்!"

"பிற்பகலில் இல்லை என்றாய், சற்று முன்பும் இல்லை என்றாய், இப்போது உண்டு என்கிறாய்" என்றார் மன்னர் களைப்போடு. "உன் சொல்லை இனி எந்த அரசன் வாங்குவான்?"

வாழ்நாளில் அவன் சொன்னவற்றுள் மிக மெய்யான சொல் அந்தக் கடைசிப் 'பழுதுண்டு'. இரண்டு செல்லாக் காசுகளுக்குப் பிறகு நீட்டிய நல்ல காசு. யாரும் கை நீட்டவில்லை.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றான் நடுத்திடலிலிருந்து செட்டி. "மாலை இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது, பேச உரிமை உண்டென்று நினைக்கிறேன். மன்னவா, இந்த மனிதரை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. பிடிப்பதற்குக் காரணமும் இல்லை. ஆனால் தராசைத் தூக்குகிறவன் திருடன் என்பதால் படிக்கல் எடை குறையாது. அவர் சொன்னதை அவர் சொன்னதாக எடுக்காதீர்கள்; நான் சொன்னதாக எடுத்துப் பாருங்கள், அமைச்சர் சொன்னதாக எடுத்துப் பாருங்கள், நிற்கிறதா இல்லையா? நிற்கிறது."

மன்னர் பேசவில்லை. செட்டிக்கு அந்த மௌனம் பழக்கமானது. வாங்க மனம் வந்தவன் விலைக்குத் தயங்கும் மௌனம்.

"அமைச்சர் தலை கேட்கிறார்" என்று தொடர்ந்தான். "தர முடியாது, தங்கை. மன்னிப்பு என்றால் படை முணுமுணுக்கும். இடையில் ஒன்று சொல்கிறேன். நாடு கடத்துங்கள். என் படகு நீர்வாயிலில் நிற்கிறது. இந்த ஊரில் எனக்கும் இனி வியாபாரம் ஓடாது."

"எத்தனை காலம்?" என்றார் மன்னர், தம்மை அறியாமல் பேரத்துக்குள் இறங்கி.

"நீங்கள் ஏரிக்கரையை வெட்டமாட்டேன் என்று சொல்லியனுப்பும் வரை."

எயினரையர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னர் கையுயர்த்தித் தடுத்தார். தங்கையின் விரிந்த கைகளை ஒருமுறை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையசைத்தார். பாகன் யானையைத் திருப்பினான்.

நீர்வாயிலில் கருநீலி ஆறு வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றார் பாசறையின் தீக்கள் தொலைவில் மேட்டில் மினுங்கின. பூவணநங்கை படகில் ஏறி அமர்ந்துவிட்டாள். செட்டி மாலையைக் கழற்றி ஆற்றில் வீசிவிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஐயாறன் முழங்காலளவு நீரில் வந்து நின்றான்.

"செட்டியாரே, உம்மிடம் என்ன சொல்வதென்று..."

"ஒன்றும் சொல்லவேண்டாம். இன்றிரவு கேட்டால் கெட்ட வார்த்தைதான் வரும். பெண்பிள்ளை இருக்கிறாள்."

ஐயாறன் பிராட்டியை நோக்கினான். "என்னையும் அழைத்துப் போகும்படி கேட்க எனக்குத் தகுதியில்லை. ஒரு சூள் மட்டும் உரைத்துவிட்டுப் போகிறேன், கேளுங்கள். என் உயிருள்ளவரை, ஒருவன் கழுத்து தொங்கும் வழக்கில் 'எல்லாரும்' என்று எவர் சொன்னாலும், அந்த எல்லாரில் விடுபட்டவர் யார் என்று கேட்காமல் வாய் திறக்கமாட்டேன். கொற்றவை அறிய, இந்த ஆறு அறிய."

படகு அலையில் மெல்ல ஆடியது. அவள் விளிம்பைப் பற்றிக்கொண்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"விடுபட்டவள் நானாக இருந்தாலுமா?"

எளிய கேள்விதான். 'உங்களைத் தவிர' என்று சொல்ல அவன் நெஞ்சு துடித்தது. எந்தக் காதலனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஐயாறன் கண்ணை மூடினான். தடித்த, வியர்த்த கழுத்தொன்று தெரிந்தது.

"நீங்களாக இருந்தாலும்" என்றான்.

பூவணநங்கை பலகையில் சற்றே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறுங்கள்."

செட்டி பெருமூச்சு விட்டு, துடுப்பொன்றை அவன் மார்பில் அறைவதுபோல் நீட்டினான். "சும்மா உட்கார இடமில்லை, காணும். வலியும்."

சிவந்த கை துடுப்பைப் பற்றியது. படகு நிலவுக்குள் நழுவியது.